ரேடியோவும் தந்தியும்

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த இரண்டு பெண்களுக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ, தந்தி. ரேடியோ என்பவர் அண்ணி. தந்தி அவருடைய நாத்தனார். அண்ணி வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். நாத்தனாருக்குத் திக்குவாய். பேசியே ஆக வேண்டும் என்றால் தந்தி அடிக்கிற மாதிரி ஒரு சொல், இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். தந்தி என்றால் கம்பி, நரம்பு என்றும் அர்த்தம்; அவர் பொம்மலாட்டத்தில் நூல் இழுக்கிறவர் என்பதால் அந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

நான் கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர்களுடைய பொம்மைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது நான்தான். மனிதர்களுக்குத் தைப்பதைவிட அது சிக்கலான வேலை. ஒவ்வொரு நூலும் வெளியே வருவதற்குத் துணியில் ஓட்டை விட வேண்டும். ஓட்டை கொஞ்சம் தள்ளிப்போனாலும், பொம்மை கையைத் தூக்கும்போது சட்டை சுருண்டு கழுத்துக்கு ஏறிவிடும். ஒன்று சொல்ல வேண்டும், பொம்மைகள் தங்கள் இடுப்பு பெருத்ததற்கு என்னைத் திட்டுவதில்லை.

ஆட்டத்தை ஆரம்பித்தவர் அண்ணியின் கணவர், அதாவது தந்தி அக்காவின் அண்ணன். அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, அக்கா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த சிறுமி. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நாலு பேர் சொல்லி உட்கார்ந்துவிடுவார்களாம். அண்ணிதான் அவருக்காகப் பேச ஆரம்பித்தார். கடையில், ஆஸ்பத்திரியில், விருந்தாளிகள் முன்னால், அக்கா முதல் எழுத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது அண்ணி மிச்சத்தை முடித்து வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பாக முடித்ததில்லை. "அவ மனசு எனக்குள்ளதான்டி ஓடுது" என்பார் என்னிடம்.

தங்கைக்கு நூல் பிடிக்கவும் மனைவிக்குக் குரல் கொடுக்கவும் பழக்கியிருந்த அண்ணன் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். பொம்மைப் பெட்டியை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். "வித்துட்டா நான் யார் குரல்ல பேசுறது?" என்று அண்ணி கேட்டாராம். அதற்குப் பிறகு இருவரும்தான். பள்ளிக்கூடங்கள், மண்டபங்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி, தொழிற்சாலை ஆண்டு விழா என்று ஆட்டத்துக்குக் குறைவே இல்லை. மேலே பலகையில் நின்றபடி அக்கா நூல்களை இயக்குவார். திரை ஓரத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணி எல்லாக் குரலும் கொடுப்பார்.

அவர்களுடைய பேர்போன ஆட்டம் கழுதை நீதிபதி. மழைக்கு ஒதுங்கிய கழுதை ஒன்று நீதிமன்றத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடும். வழக்கோடு வந்தவர்கள் அதையே புது நீதிபதி என்று நம்பி முறையிடுவார்கள். கழுதை கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் வக்கீல்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போடுவார்கள். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரித்து வயிறு வலித்துத்தான் எழுந்து வந்திருக்கிறேன்.

கலைத்துறை அலுவலகத்தின் பெண் அதிகாரி ஒருவர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல வெயிலில் மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று, "உங்களுக்கெல்லாம் இவ்வளவு நாள் ஏன் யாரும் எதுவும் செய்யல?" என்று எங்களிடமே கேட்டவர்.

"அரசு விருது. கூடவே மாசாமாசம் உதவித்தொகை, ஆயுசு முழுக்க. நீங்க விண்ணப்பிச்சே ஆகணும்" என்றார்.

"ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டார் அண்ணி.

அதிகாரி தயங்கினார். "தனிக் கலைஞர்னு ஒரு பிரிவு இருக்கு. குழுன்னு ஒரு பிரிவு இருக்கு. ஆனா குழுன்னா குறைஞ்சது அஞ்சு பேராவது வேணும்."

"பொம்மைங்களைச் சேர்த்துக்கலாமா? சேர்த்தா நாங்க பெரிய பட்டாளம்."

அதிகாரி சிரித்தேவிட்டார். ஆனால் விதியில் பொம்மைகளுக்கும் இடமில்லை, இரண்டு பேருக்கும் இடமில்லை. ஒருவர் பெயரைத்தான் எழுத வேண்டும். அக்கா யோசிக்கவே இல்லை. அண்ணியைக் கையால் காட்டிவிட்டு, தேநீர் போட உள்ளே போய்விட்டார். ஊர் அறிந்த குரல் அண்ணியுடையது; அவர் பெயரில் போவதுதான் முறை என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. அண்ணிக்கும் பட்டது. மறுநாளே என்னிடம் வந்து, விழாவுக்கு ரவிக்கை தைக்க அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

தேர்வுக்குழுவினர் ஒரு மண்டபத்தில் ஆட்டம் பார்க்க வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவருக்கு ஆட்டத்தின் நடுவில் இருமல் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று வெளியே போக வழி தேடியவர், வழி தெரியாமல் திரைக்குப் பின்னால் வந்துவிட்டார். வந்தவர் அங்கேயே நின்றார். இருமல் அடங்கிய பிறகும் போகவில்லை. தலையை அண்ணாந்து அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றார். சட்டை கிழிந்தால் தைக்க ஊசி நூலோடு நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். அக்காவின் விரல்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரல் கழுதையின் காதை ஆட்டும்போது, பக்கத்து விரல் வக்கீலின் மூக்குக்கண்ணாடியை இறக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் நகரத் தோன்றாது.

முடிவைச் சொல்ல அதிகாரி இனிப்புப் பெட்டியோடு வந்தபோது நானும் மாடியில் இருந்தேன். கழுதைக்குப் புது அங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். விஷயம் புரிந்து அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதிகாரியின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அம்மா... தேர்வுக்குழு விருதை இவங்களுக்குப் பரிந்துரைச்சிருக்காங்க" என்று அக்காவைக் காட்டினார். "பேரை மாத்த அவங்களுக்கு அதிகாரம் உண்டு. எனக்கே காலைலதான் தெரியும்."

அண்ணி இனிப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஒற்றைப்பல் கிழவி பொம்மையின் குரலில், "அடி யம்மா! இனிமே உன்னை வாங்க போங்கன்னுல்ல கூப்பிடணும்!" என்றார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, கழுத்து நரம்பு புடைக்க, அதிகாரியைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றார்.

"ர்... ர்... ர்..."

நாங்கள் காத்திருந்தோம். அண்ணி அக்காவின் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றா" என்றார்.

அக்கா திரும்பி அண்ணியைப் பார்த்தார். வாய் மெதுவாக மூடிக்கொண்டது. அதிகாரி நிம்மதியாகப் பெட்டியைத் திறந்து இனிப்பை நீட்டினார்.

விழாவுக்கு அண்ணி புது ரவிக்கையோடு வந்தார். பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்குப் பதக்கம் அணிவித்து, இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. எனக்கு முன்னால் இருந்த பெண்மணி, "என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்று உருகினார்.

அண்ணி என் காதோடு, "அடக்கமாம்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் மடியில் இருந்த கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

சண்டை என்று ஒன்று வரவே இல்லை. வந்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஒட்டிய சுவரொட்டிகளில் 'அரசு விருது பெற்ற கலைஞர்' என்று அக்காவின் படம் பெரிதாக இருந்தது. கீழே ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல 'குரல்' என்று போட்டு அண்ணியின் பெயர். அதை அச்சடித்தது மண்டபத்துக்காரர்கள். அக்காவுக்கு அது ஒட்டப்பட்ட பிறகுதான் தெரியும். அண்ணி ஆட்டத்துக்கு வந்தார், குரல் கொடுத்தார், வசனம் எதையும் விடவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தைப் பார்த்து அவ்வப்போது இட்டுக்கட்டிச் சேர்க்கும் கிண்டல்கள் நின்றுபோயின. கழுதை எழுதி வைத்ததை மட்டும் கத்தியது.

வெளியூரில் இருந்த அண்ணியின் மகன் வீட்டில் குழந்தை பிறந்தது. "ஒரு மாசம் இருந்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினார். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு போவார்கள். அண்ணி ஒரே ஒரு பையோடுதான் போனார். அதனாலேயே நாங்கள் திரும்பி வருவார் என்று நம்பினோம். அவர் வரவில்லை. குழந்தைக்குச் சளி, மருமகளுக்கு வேலை, தனக்கு மூட்டு வலி என்று போனில் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான்.

என் கடைக் கூரைதான் அவர்களுடைய தரை. அதுவரை நாள் முழுக்க அண்ணியின் பேச்சும் இரண்டு பேர் நடக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், இப்போது குழாய் திறந்து மூடுவது மட்டும்தான் கேட்டது. அக்கா கடைக்குத் தனியாகப் போனார். சீரகம் கேட்கப் போய் "சீ... சீ..." என்று நின்றால், கடைக்காரர் நல்ல மனதோடு சீனியைப் பொட்டலம் கட்டிவிடுவார். இல்லை என்று மறுப்பதற்கும் பேச வேண்டும் அல்லவா? அக்கா வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். டப்பா நிரம்பியதும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏன்க்கா, ஒரு சீட்டுல எழுதிக் காட்டலாமே?" என்றேன்.

"எ... எழுதினா செவிடுன்னு நெனச்சு க... கத்துறார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கலைத்துறை அரங்கில் ஆட்டம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பல மாதம் இருக்கும்போதே அதிகாரி தாமே அலைந்து ஒரு நாடக நடிகையைப் பிடித்து அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல், நல்ல குணமும்கூட. ஆனால் பொம்மைகள் எப்போதும் ஒரு கணம் பிந்தியே அசைந்தன. ஏனென்று அக்காவே எனக்கு விளக்கினார், பாதி சொல்லாலும் பாதி கையாலும். அண்ணி பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பாராம். கழுதைக்கு ஒரு மூச்சு, கிழவிக்கு வேறு மூச்சு. அந்த மூச்சைக் கேட்டுத்தான் இத்தனை வருடமும் அவர் கை கிளம்பியிருக்கிறது. வார்த்தைக்குக் கிளம்ப அதற்குத் தெரியவில்லை.

பழைய ஒலிநாடாவைப் போட்டுப் பார்த்தார். அதில் அண்ணியின் மூச்சு இருந்தது. ஆனால் கூட்டம் சிரித்து ஓய்வதற்கு அண்ணி காத்திருப்பார், நாடா காத்திருக்காது. ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி ஆடியபோது, பிள்ளைகளின் சிரிப்பில் பாதி வசனம் அமுங்கிப்போய், கழுதை தீர்ப்புச் சொல்லிவிட்டதே யாருக்கும் தெரியவில்லை. அக்கா நாடாவை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

கடைசியில் பேச்சே இல்லாமல் ஆடினார். அதற்காக மாதக்கணக்கில் மாடியில் தனியாகப் பழகினார். பலகையில் அவர் கால் மாற்றி நிற்கிற சத்தம் எனக்குக் கீழே கேட்கும். அரங்கில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கழுதை நாற்காலியில் ஏறியது. வழக்கைக் கேட்டது. தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. பிறகு கழுதை தலையைத் திருப்பித் திரை ஓரத்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

அந்த ஆட்டத்தைப் பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. மௌனத்தையே மொழியாக்கிய மேதை என்று ஒருவர் எழுதினார். இதுவரை வார்த்தைகளின் இரைச்சலில் மறைந்திருந்த கலை இப்போது விடுதலை அடைந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதினார். அந்தத் தாளை அக்கா என் மேஜைமேல் போட்டு, 'இரைச்சல்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அண்ணி இ... இதைப் படிச்சிருப்பாங்க" என்றார். "போகணும். நீயும் வா."

பஸ் ஏறிப் போனோம். அக்கா மடியில் ஒரு துணிப்பை இருந்தது; உள்ளே ஒற்றைப்பல் கிழவி. மகன் வீடு உயரமான அடுக்குமாடி ஒன்றில் இருந்தது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், குழந்தை எழுந்துவிடாமல் கிசுகிசுத்த குரலில் மருமகளின் கண்டிப்பு, லிஃப்ட் பழுது, பக்கத்து வீட்டு நாய் என்று கொட்டித் தீர்த்தார். மருமகளைப் பற்றிச் சொல்லும்போது அவரை அறியாமலே கிழவியின் குரல் வந்துவிட்டது. அக்கா வாய்பொத்திச் சிரித்தார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தபோது, வந்த காரியம் முடிந்தது, அடுத்த பஸ்ஸிலேயே அண்ணியும் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியது. அக்கா நிமிர்ந்து நின்றார். எழுத்துக்கு எழுத்து சிக்கினார், ஆனால் விடவில்லை. சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது.

"அ... அன்னிக்கு நான் சொல்ல வந்தது, ரெ... ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுங்கன்னு."

"தெரியும்" என்றார் அண்ணி.

அடுப்பில் பால் பொங்கியது. அண்ணி அதை இறக்கி வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"அந்த நேரத்துல என் வாய் தானா அப்படிச் சொல்லிடுச்சு. எனக்குக் கோபம் கிடையாதுடி. உன் கை என்னன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மைக் முன்னாடி உக்காந்தா, இவங்க எல்லாரும் அவ கையைப் பாக்கத்தான வந்திருக்காங்கன்னு ஒரு நெனப்பு வருது. வந்துட்டா குரல் உள்ளயே நின்னுடுது. ரெண்டு மூணு ஆட்டம் சமாளிச்சுப் பாத்தேன். போகல அது."

"நா... நான் விருதைத் தி... திருப்பி..."

"திருப்பிக் குடுத்தா மட்டும் அந்தக் கிழவர் உன் கையைப் பாத்தது இல்லேன்னு ஆயிடுமா? பைத்தியக்காரி. வெச்சுக்கோ."

அக்கா பையிலிருந்து கிழவியை எடுத்து நீட்டினார். அண்ணி அதன் சட்டையை நீவிவிட்டார், என் தையலைப் பாராட்டினார், பிறகு திருப்பிப் பையிலேயே வைத்தார். "எடுத்துட்டுப் போ. இவ இங்க இருந்தா நான் நாள் முழுக்கப் பேசிட்டிருப்பேன். மருமக டாக்டரைக் கூப்பிட்டுடுவா."

பஸ் நிறுத்தம்வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அண்ணி போன் பண்ணுவது நிற்கவில்லை. அவர் பேசுவார், அக்கா 'உம்' கொட்டுவார். உடம்பைப் பற்றி, மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. ஆட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.

அதிகாரி பொல்லாத பிடிவாதக்காரர். மேலிடத்தோடு மல்லுக்கட்டி, சில வருடங்களில் விதியையே மாற்ற வைத்துவிட்டார். இணைக் கலைஞர்கள் என்று இப்போது தனிப் பிரிவு இருக்கிறது. இருவருக்கும் சேர்த்தே விருது, இருவருக்கும் சேர்த்தே உதவித்தொகை. அதைச் சொல்ல அவர் ஓடிவந்த அன்று, அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்து, "ந... நல்லது" என்றார். அன்றே அண்ணிக்குப் போன் போட்டு, பேசச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியம். சின்னப் பிள்ளைங்க யாருக்காவது குடுக்கச் சொல்லு" என்றார். "எனக்கு இப்ப ராகம் போட்டுத் தாலாட்டக்கூடத் தொண்டை ஒத்துழைக்கல." பிறகு மகனின் இரண்டாவது குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டார்.

முதல் இணை விருது எங்கோ ஓர் ஊரில் மேளம் வாசிக்கும் அண்ணன் தம்பிக்குப் போனது. அக்கா அந்த விழாவுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தார்.

இந்த வருட ஆட்டம் போன வாரம் நடந்தது. புறப்படும்போது பெட்டியை இறக்க நான் கை கொடுத்தேன். எனக்குக் கல்யாணத் துணி தைக்கும் அவசரம், கூடப் போக முடியவில்லை. பெட்டி ஆட்டோவின் இருக்கையில் பாதியை அடைத்துக்கொண்டது. அக்கா மிச்ச இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு கையால் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோக்காரர் வீட்டு வாசலைப் பார்த்தபடி, "வேற யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா இல்லை என்று தலையாட்டினார். ஆட்டோ கிளம்பியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து, பாதியில் விட்ட துணியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன்.